எண்பதைத் தாண்டாத முள்

திருமயம் தாண்டியதும் ரியாசுதீன் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினான். முள் எண்பதில் நின்றது. பின்னால் வந்த அரசுப் பேருந்து ஹார்ன் அடித்துவிட்டு முந்திப் போனது.

"தம்பி, பிளேன் நமக்காக நிக்குமா?" என்றார் பின்சீட்டிலிருந்த அன்வர் பாட்சா.

அன்று அவருக்கு விமானம் போய்விட்டது. ஒரே மாதத்தில் ரியாசுதீன் காரில் வந்து விமானத்தைத் தவறவிட்ட இரண்டாவது ஆள் அவர்.

சவூதியில் பதினோரு வருடம் டிரைவராக இருந்த ரியாசுதீன், இனி ஊரோடு இருக்கலாம் என்று பழைய கார் ஒன்றை வாங்கி, திருச்சி விமான நிலையத்துக்கு வாடகைக்கு ஓட்டுகிறான். பாலைவனச் சாலையில் நூற்றிருபதில் பறந்த கணக்கில்தான் வீட்டை விட்டுக் கிளம்புவான். மூன்றாவது ஆளுக்கும் தவறினால் யாரும் கூப்பிடப் போவதில்லை. பழைய முதலாளி அனுப்பியிருக்கும் விசாவுக்குச் சரி என்று சொல்ல வேண்டியதுதான். அந்தப் பேச்சை எடுத்தாலே மனைவி நூர்நிஷா சாப்பிடாமல் எழுந்துவிடுகிறாள்.

பெட்ரோலின் தரத்தைச் சொல்லும் ஆக்டேன் எண் போதவில்லை என்றான் சகலை ஜெகபர் சாதிக். தொண்ணூற்றைந்து ஆக்டேன் போட்டான். எண்பது. திருச்சி வரை போய் நூறு ஆக்டேன் போட்டுவந்தான். இரைச்சல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, அதுவும் நிச்சயமில்லை. எண்பதுதான்.

சாதிக் போனில் தேடிப் படித்தான். சாதாரண பெட்ரோலுக்குச் செய்த இஞ்சின், உயர்ந்த பெட்ரோல் போட்டதற்காக வேகமாக ஓடாதாம். எல்லாவற்றையும் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்கிறதாம்.

"அதுக்குப் பழைய நெனப்பு போகல மச்சான். பேட்டரி வயரக் கழட்டிவிடு, எல்லாம் மறந்துரும்."

கழற்றினார்கள். மறந்தது. கடிகாரம் நேரத்தை மறந்தது. ரேடியோ யாருக்கும் தெரியாத ரகசிய நம்பரைக் கேட்டது. நின்ற இடத்தில் இஞ்சின் காய்ச்சல்காரன் போல நடுங்கியது. எண்பதை மட்டும் அது மறக்கவில்லை.

கடைசியில், வாங்கும்போது காரைச் சோதித்துக் கொடுத்த புதுக்கோட்டை மெக்கானிக் வெற்றிசெல்வனிடம் போனான். அவன் லேப்டாப்பைக் காரில் இணைத்தான். திரையைப் பார்த்தான். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ஒன்னால ஆகலன்னா சொல்லிரு வெற்றி. வெள்ளிக்கிழம விசாவுக்குச் சரின்னுட்டு நான் பிளேன் ஏறிர்றேன்."

வெற்றிசெல்வன் துடைப்பதை நிறுத்தினான்.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன் பாய். நீங்க வண்டி எடுத்த மறுநாளு சர்வீசுக்கு இங்க விட்டிருந்தப்பவே நூர்நிஷா அக்கா இங்கிட்டு வந்து, 'பதினோரு வருசம் கழிச்சு வந்த மனுசன், தெனமும் முழுசா வீடு வந்து சேரணும்'னு சொல்லி, எம்பதுக்கு மேல போகாம கம்ப்யூட்டர்ல பூட்டுப் போட வச்சுட்டுப் போனாங்க."