மல்கிரேவில் மெலிந்த மை

இருபதாம் நூற்றாண்டின் கவிதை 1974 ஆனி மாதம் மெல்பேணின் ஓரத்தில், மல்கிரேவில் ஒரு கராஜுக்குள் விடுதலை பெற்றது. உலகத்துக்கு இது இன்னும் தெரியாது. மெல்பேணுக்கே தெரியாது.

விடுதலை செய்தவர்கள் இருவர்: 'வெற்றுக்கோணம்' இதழின் ஆசிரியர் வரதராஜா, துணை ஆசிரியர் அரியரத்தினம். தமிழ் ரைப்ரைற்றர் யோகராணியுடையது. அதில் ஓடிய விரல்களும் அவளுடையவை. விரல்களுக்கு ஆசிரியர் குழுவில் இடம் இல்லை.

வரதராஜாவோடு வரைபடம் கீறும் கந்தோரில் வேலை செய்த டீற்றர் என்ற ஜேர்மன்காரர் ஒரு சூட்கேஸ் நிறையப் பழைய சஞ்சிகைகள் கொடுத்திருந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கொலோன் நகரில் அவரும் நண்பர்களும் நடத்திய கவிதை, ஓவிய இதழ்கள். ஆசிரியர்கள் இருவருக்கும் ஜேர்மன் தெரியாது. ஆகவே பொருளின் தொந்தரவு இல்லாமல் கலையை மட்டும் கவனிக்க முடிந்தது. எழுத்துகள் பக்கத்துக்குப் பக்கம் மங்கிக்கொண்டே போயின. கடைசிப் பக்கத்தைத் தடவித்தான் பார்க்க வேண்டும். எல்லாம் பழைய வரைபடங்களின் முதுகில் அச்சடித்தவை.

"பாத்தீரோ அரியம், வாசகன்ர கண்ணுக்கு இவங்கள் துளியும் இடம் குடுக்கேல்லை" என்றார் வரதராஜா.

"என்ன துணிச்சல் அண்ணை!"

அன்றே 'மங்கல் கொள்கை' ஏகமனதாக நிறைவேறியது. பிரதியெடுக்கும் ரோனியோ மெஷினின் மையில் மண்ணெண்ணெய் கலக்கப்பட்டது. கந்தோரில் கழித்த வரைபடங்கள் தாளாயின. மூன்று இதழ்கள் வந்தன, ஒவ்வொன்றும் நாற்பது பிரதி. பாராட்டுக் கடிதங்களும் வந்தன. எந்தக் கவிதை பிடித்தது என்று மட்டும் ஒருவரும் குறிப்பிடவில்லை.

யோகராணிக்கு ஆஸ்பத்திரித் துணி அறையில் வேலை. இறந்துபோன ஒருவரின் கட்டில் விரிப்பை மடித்தது பற்றிப் பதினொரு வரி எழுதி வைத்திருந்தாள். அது நான்காம் இதழில் வர வேண்டும், யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்தில் இருக்கும் தங்கை அதை வாசிக்க வேண்டும். வேறு ஆசை இல்லை. முதல் மூன்று இதழ்களும் கிடைத்த தங்கை, "அக்கா, உங்களுக்கு அங்க சுகந்தானே? ஏன் வெறும் பேப்பர் அனுப்பிறியள்?" என்று எழுதியிருந்தாள்.

கவிதை கூட்டத்தில் பரிசீலிக்கப்பட்டது.

"நல்லாய்த்தான் இருக்கு, பிள்ளை. ஒரு குறை" என்றார் வரதராஜா.

"என்ன குறை, வரதண்ணை?"

"விளங்குது."

"முதல் தரமே விளங்குது" என்றார் அரியரத்தினம். "எனக்குக் கண்ணும் கலங்கிப் போச்சு. இது பின்னடைவு."

"அப்ப போடமாட்டியளோ?"

"ஏன் போடாமல்? மண்ணெண்ணெயை ஒரு கரண்டி கூட்டினால் சரி."

அடுத்த சனிக்கிழமை, அச்சைத் தொடங்கிவைக்க டீற்றர் அழைக்கப்பட்டார். மூன்றாம் இதழை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மெஷின் பழுதா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை. உங்களிடம் படித்தது" என்றார் வரதராஜா பணிவோடு.

டீற்றர் இதழை மேசையில் வைத்தார்.

"எங்களுக்கு மை முடிந்துவிட்டது" என்றார். "தாளும் கிடைக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் இருந்தது என் தம்பியின் கவிதை. யாராலும் வாசிக்க முடியவில்லை. ஆறு மாதம் அவன் என்னோடு பேசவில்லை."

'ஜேர்மன் முன்னோடி தமது இயக்கத்தின் உள்முரண்களை மனம்திறந்து பகிர்ந்துகொண்டார்' என்று அரியரத்தினம் கூட்டக் குறிப்பில் எழுதினார். யோகராணி டீற்றருக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினாள்.

அன்று பின்னேரம் ஆசிரியர்கள் முன்னட்டை வெறுமையா, பின்னட்டை வெறுமையா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். கைப்பிடியைச் சுற்றும் வேலை வழக்கம்போல யோகராணிக்கு வந்தது. தன் கவிதை இருந்த ஏழாம் பக்கத்தைக் கடைசிக்கு வைத்தாள். உருளையைத் துடைத்தாள். புது மைக்குழாய் ஒன்றை உடைத்து, ஒரு சொட்டு மண்ணெண்ணெயும் சேர்க்காமல் நாற்பது தரம் சுற்றினாள்.

தங்கள் இதழைத் தாங்களே வாசிக்கும் சபலம் ஆசிரியர்களுக்கு இல்லை. ஆகவே இதழ் தடையின்றித் தபாலில் போனது.

மூன்று கிழமையில் தங்கையின் கடிதம் வந்தது. "ஏழாம் பக்கத்தை அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினன். அந்த மனுசனுக்குப் பிள்ளையள் ஒருத்தரும் வரேல்லையோ அக்கா?" யோகராணி அதைத் துணி அறையில் நின்றபடியே இரண்டு தரம் வாசித்தாள்.

கராஜுக்கும் பதினேழு கடிதங்கள் வந்தன. எல்லாம் ஏழாம் பக்கத்தைப் பற்றி. அவசரக் கூட்டம் கூடியது. அரியரத்தினம் தலையில் கைவைத்தபடி இருந்தார். வரதராஜா எழுந்து நின்று, ஐந்தாம் இதழின் முதற் பக்கத்துக்கான அறிவித்தலைச் சொல்லச் சொல்ல யோகராணி ரைப் அடித்தாள்:

'சென்ற இதழின் ஏழாம் பக்கத்தில் கவிதை ஒன்று வாசிக்கக்கூடியதாக வெளிவந்துவிட்டது. மிகவும் வருந்துகிறோம். ஆசிரியர் குழு.'

அவள் ரைப் அடித்த ஸ்ரென்சில் தாளைக் கழற்றிக்கொண்டு ரோனியோவுக்குப் போனாள். வரதராஜா பின்னாலேயே ஓடிவந்தார்.

"இந்தப் பக்கத்துக்கு மண்ணெண்ணெய் விட்டிடாதை, பிள்ளை. இது சனம் வாசிக்க வேணும்."