சம்பந்தம் கிராணி

மலாயாவில், கோத்தா திங்கி வட்டாரத்தில் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஊரையே களைக்க வைத்த மனுஷர், சம்பந்தம் கிராணியைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க முடியாது. ரப்பர் தோட்ட ஆபீசில் குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். அவருக்குப் பக்கத்து மேசையில் நாலு வருஷம் உட்கார்ந்தவன் நான். இப்போது நினைத்தாலும் அலுப்பாகத்தான் இருக்கிறது.

காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"நேத்து ஏன் வரல?"

"மாமியாருக்குக் காய்ச்சலுங்க ஐயா."

"மாமியார் காய்ச்சலுக்கும் நீ மரம் சீவுறதுக்கும் என்ன சம்பந்தம்?"

அதோடு விட்டால் பரவாயில்லை. "சம்-னா ஒண்ணா. பந்தம்னா கட்டு. வடமொழியில வந்த வார்த்த. ரெண்டையும் சேத்துக் கட்டியிருந்தாத்தான் சம்பந்தம்" என்று பாடம் நடத்துவார். பால்வாளியோடு நிற்கிற அத்தனை பேரும் கொட்டாவி விடுவார்கள்.

ஒருமுறை முழங்கால் வலி என்று தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே மருந்து கொடுக்கும் டிரெஸர் நாக்கை நீட்டச் சொன்னார். முழங்காலுக்கும் நாக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டார். ஒரு மாதம் நொண்டினார்.

அப்புறம் ரப்பர் விலை விழுந்தது. இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிறவர்களின் பட்டியல் வந்தது. அதில் களையெடுக்கும் மாரியாயியின் பெயரும் இருந்தது. புருஷனைப் பறிகொடுத்தவள். இங்கேயே இருக்கவிடச் சொல்லித் துரைக்கு மனு எழுதித் தரும்படி வந்து நின்றாள்.

"மரம் சீவுறவங்களத்தான் வச்சுக்குவாங்க. ஒனக்கு மரம் சீவத் தெரியுமா? அத மட்டும் சொல்லு."

"தெரியாதுங்க. அவரப் பொதச்ச எடம் இங்க இருக்குங்க. நான் போயிட்டா புல்லு மண்டிரும்."

போச்சு, கேட்கப்போகிறார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். கிராணி ஒன்றும் கேட்கவில்லை. டைப்ரைட்டரில் தாளைச் செருகி, அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் அடித்தார். அவரே துரையிடம் கொண்டுபோனார்.

துரை பாதிகூடப் படிக்கவில்லை. வேலைக்குத் தொடர்பில்லாத சங்கதி என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் மாரியாயி கப்பலேறினாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை இடுகாட்டு வழியாகப் போனேன். கிராணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாரியாயி புருஷனின் குழியருகே குந்தியிருந்தார். களை எது, செடி எது என்று தெரியாமல், அவள் நட்டு வைத்திருந்த செவ்வந்தியையும் பிடுங்கிப் போட்டிருந்தார்.

"கொஞ்சம் பாத்துச் சொல்லுப்பா, இதுல எது புல்லு?"

செவ்வந்தியைத் திரும்ப ஊன்றிவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த மனுஷர்மேல் எனக்கு எவ்வளவு பாசம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.