சிம்சோனுக்கு ஒரு டூத் பிரஷ்

பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் பிள்ளைகளை மிரட்டி ஓய்வு பெற்ற பாக்கியசீலன் வாத்தியார், வீட்டில் உயிரை வைத்திருந்தது இரண்டு பேர் மேல். ஒன்று அவருடைய நாய் சிம்சோன். இன்னொன்று யாரென்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

அந்தச் சிம்சோனுக்குத்தான் ஆபத்து வந்தது. சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் ஒரே கீர்த்தனைப் புத்தகத்தைப் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பாடுவது அந்த வீட்டு வழக்கம். காலடியில் நாய். இரண்டாம் சரணத்தில் மனைவி சாலோமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“நாய் வாயி நாறுது. மாசக் கடைசிக்குள்ள சரியாகலைன்னா சாத்தான்குளத்துல எங்க அண்ணன் விளையில கொண்டு விட்டுருவேன்.”

அந்தப் பனங்காட்டில் சிம்சோனை யார் கொஞ்சப் போகிறார்கள்? மறுநாளே வாத்தியார் உமர் பாரூக்கின் கடையில் போய் நின்றார். கோழித் தீவனம் முதல் கிளிக்கூண்டு வரை விற்கிற கடை.

“நாய்க்குப் பல்லு விளக்க பிரஷ் வேணும்வே.”

“விரல்ல மாட்டுறதா, காம்பு வச்சதா, அண்ணாச்சி?”

“எது நல்லது?”

“விரல்ல மாட்டுனா பல்லு மிஞ்சும். காம்பு வச்சதுன்னா விரலு மிஞ்சும்.”

காம்பு வைத்ததையே வாங்கினார். சிம்சோன் பிரஷைக் கண்டதும் வாலை ஆட்டியது, வாயைப் பூட்டிக்கொண்டது. கோழி ருசிப் பசையைத் தடவிக் கொடுத்தால், பசையை நக்கிவிட்டுப் பிரஷைக் கடித்துத் துப்பியது. இரண்டு நாளில் மூன்று பிரஷ் காலி.

சாலோமி பைய வந்து பக்கத்தில் நின்றாள்.

“நீங்க வாத்தியாருதான? செஞ்சு காட்டாம எந்தப் பிள்ளை படிச்சிருக்கு? உங்களுக்கும் ஒரு பிரஷ் வாங்குங்க. காலையிலயும் சாயங்காலமும் அது முன்னால நின்னு தேயுங்க.”

வாத்தியாருக்கு அதுவரை ஆட்காட்டி விரலும் ஒரு சிட்டிகைப் பல்பொடியும்தான். அதுவும் அவசரமாக ஒரு இழுப்பு. ஆனால் பாடம் நடத்தக் கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிற வாத்தியார் உண்டா? மேல்வரிசை, கீழ்வரிசை, கடைவாய் என்று விளக்கி விளக்கித் தேய்த்தார். நாக்கையும் வழித்தார். சிம்சோன் தலையைச் சாய்த்துக் கருத்தாகப் பார்த்தது. வாயை மட்டும் திறக்கவில்லை.

மாசக் கடைசியும் வந்தது. ஜெபத்தில் வாத்தியார் சிம்சோனைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார். சாலோமியோ நெருங்கி உட்கார்ந்து, நாலு சரணத்தையும் மூக்கைப் பொத்தாமல் பாடினாள்.

“நாத்தம் போயிட்டு. சிம்சோன் இங்கனயே கெடக்கட்டும்.”

“ஏட்டி, நான் இன்னும் அதுக்கு ஒரு பல்லு கூட விளக்கலியே.”

“அதுக்கு வாயி என்னைக்கு நாறுச்சு? உங்களைச் சொன்னா ரோஷம் வந்துரும். அது பாவம், யார் பழியைப் போட்டாலும் வாலாட்டும்.”