நாற்பது நாள் பத்தியமும் பதினைந்து நாள் கெடுவும்

அன்பும் அதிகாரமும் ஒருசேர வாய்த்த நெல்வா அக்காவுக்கு,

நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். நம் ஊர் கொச்சபாம்பாவில் இப்போது கோழிகூட எழுந்திருக்காது. இங்கே கான்சாசில் பிள்ளை இப்போதுதான் கண் மூடினான். போனே செய்திருக்கலாம். செய்தால் நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு மாறுதலுக்கு இன்று நான் பேசுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. நீ விதித்த நாற்பது நாள் பத்தியத்தை இம்மி பிசகாமல் முடித்துவிட்டேன். உப்பில்லாத ஆட்டுச்சாறு குடித்தேன், ஜன்னல் இடுக்கையெல்லாம் துணியால் அடைத்தேன், வாசற்படி தாண்டவில்லை. "பிள்ளை பெத்தவ எழுத்தைப் பார்த்தா கண்ணு போயிடும்டி" என்று நீ சொன்னபோது, மண்ணியலில் முதுகலை படிக்கிற நான் சரியென்று தலையாட்டினேன். கல்யாணமாகி நான்கு வருடத்தில் என் பேச்சை ஒருமுறைகூடக் கேட்காத எட்சன், உன் பேச்சைக் கேட்டு என் லேப்டாப்பையும் போனையும் அலமாரியில் வைத்துப் பூட்டினார். கண் பிழைத்தது. விசாதான் போயிற்று.

பிரசவத்துக்கு ஒரு பருவம் விடுப்பு கேட்டு எழுதிக்கொடுத்திருந்தேன் இல்லையா? "ராணி மாதிரி ரெஸ்ட் எடும்மா" என்று துறையில் வழியனுப்பிவிட்டார்கள். ஆனால் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் என்று ஒன்று இருக்கிறதே, அங்கிருந்து ஆறு மின்னஞ்சல். விடுப்பில் போனால் நீங்கள் மாணவியில்லை, பதினைந்து நாளில் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். உடல்நிலைதான் காரணமென்றால் டாக்டர் கடிதம் கொடுத்துவிட்டு இங்கேயே இருக்கலாம், எது வேண்டும் என்று முதலாவது அன்பாகக் கேட்கிறது. ஆறாவது எதையும் கேட்கவில்லை. பதில் வராததால் விடுப்பைப் பதிந்துவிட்டோம் என்கிறது. நாற்பத்தோராம் நாள், கண்ணொளி குன்றாமல் நான் அதைப் படித்தபோது பதினைந்தில் ஆறு நாள் போயிருந்தது.

ஓடினேன். அங்கே பிரெண்டா என்றொரு அம்மாள், பிள்ளையைப் பார்த்ததும் உருகிவிட்டார்.

"இவனுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. இங்க பொறந்தவன், எவ்வளவு நாள் வேணாலும் இருக்கலாம்."

"நான்?"

"நீங்க கிளம்பணும்மா. உங்க வீட்டுக்காரரும். அவர் விசா உங்க விசாவோட வால்தானே?"

"பால் குடிக்கிற பிள்ளைங்க இது!"

"தெரியுது. அதுக்கு எங்கிட்ட ஃபாரம் இல்லையே."

கூட்டிக்கொண்டு போகலாமென்றால் அவனுக்குப் பாஸ்போர்ட் இல்லை. அவசரமாகக் கேட்டாலும் மூன்று வாரம். ஆக, தலை நிற்காத அமெரிக்கக் குடிமகன் பெயருக்கு வீட்டு வாடகைப் பத்திரத்தை மாற்றிக்கொடுத்துவிட்டு நாங்கள் விமானம் ஏற வேண்டும். ஒரே ஒரு வழி உண்டாம்: படிக்கும் நிலையில் இவள் இல்லை என்று விடுப்பு தொடங்குவதற்கு முன்பே டாக்டர் எழுதிய கடிதத்தைக் காட்டினால், கெடு முடிவதற்குள் பதிவைத் திருத்திவிடுவாராம். பிரசவத்துக்கு முன்பே டாக்டர் அப்படியொரு கடிதம் கொடுத்து, அது வீட்டில் இருந்ததே! எட்சனைக் கேட்டேன்.

"அதுவா? பழைய பேப்பரோட போட்டுட்டேனே. சீக்குக் காகிதம் வீட்டுல இருக்கக் கூடாதுன்னு அக்கா சொன்னாங்க."

டாக்டர் நீண்ட விடுமுறையில் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் நகல் எடுத்துத்தர பத்து வேலைநாள். எனக்கிருப்பது ஒன்பது நாள், சனி ஞாயிறு சேர்த்து. ஆகவே உன் மாடியறையைக் காலி செய்து வை. பட்டத்தை அங்கே மாட்டலாமென்றுதான் நினைத்திருந்தேன், தொட்டில் மாட்டுகிறேன்.

மாமாவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். உனக்கு நீண்ட ஆயுளும் குறைந்த யோசனைகளும் கிடைக்கட்டும்.

சொல் தட்டாத தங்கை,
யோவானா

பின்குறிப்பு: எட்சன் எழுந்து வந்து தலையைச் சொறிகிறார். டாக்டர் கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று நீ அப்போதே கேட்டாயாம். கடிதத்தை எறிவதற்கு முன் படமெடுத்து உனக்கு அனுப்பினாராம். தன் போனில் அழித்துவிட்டாராம். அக்கா, என் தங்கமே, மேலே இருப்பதெல்லாம் தூக்கக் கலக்கத்தில் எழுதியது. உன்னைப் போல் யார் என்னைப் பார்த்துக்கொள்வார்கள்? அந்தப் படம் உன் போனில் இருக்கிறதா? சீக்கிரம் பதில் போடு.