நடு அறை ஜன்னலுக்கு மல் துணி

பாம்பைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்டு. ஊசியைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு ஜன்னல் திரை என்றால் பயம். ஜவுளிக் கடையில் திரைத் துணி அடுக்கியிருப்பதைக் கண்டாலே வந்த வழியே திரும்பிவிடுவேன். (சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள். என் மனைவி கல்யாணமான நாளிலிருந்து அதைத்தான் செய்கிறாள்.)

ஐம்பதுகளின் கடைசியில், திருவண்ணாமலையில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஜன்னல்கள் இருந்தன, திரை கிடையாது. எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கிடையாது. தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்த அப்பாவுக்கு, ஜன்னலுக்குத் துணி மாட்டுவது மாட்டுக்குச் சட்டை போடுகிற மாதிரி வேண்டாத வேலை. அப்படிப்பட்டவரே மனம் மாறும்படி, என் தங்கை கனகாவுக்கு வேலூரிலிருந்து ஒரு வரன் வந்தது. "தீபத்துக்கு வர்றோம், அப்படியே பொண்ணையும் பாத்துடறோம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தரகர் செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். அவர்கள் வீட்டில் ரூமுக்கு ஒரு நிறத்தில் திரை தொங்குகிறதாம். ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் ஊர் வாய்க்கு யார் பூட்டுப் போடுவது என்று அம்மா பூஜை அறையிலேயே குடியேறிவிட்டாள்.

அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் அப்போது பி.ஏ. முடித்துவிட்டு, வேலை தேடி மெட்ராஸில் ஒரு மாதம் தங்கி, வெறுங்கையோடு திரும்பியிருந்தேன். அப்பாவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், குரல் இறங்கும். அன்று கோபம் வருவதற்கு முன்பே இறங்கியிருந்தது.

"மெட்ராஸெல்லாம் பாத்துட்டு வந்தவன்தானே? இந்த ஸ்கிரீன் வேலைய நீயே பாரு. அவங்க முன்னாடி மானம் போச்சுன்னா, அப்புறம் இந்த வாசப்படிய மிதிக்காத."

மெட்ராஸில் நான் பார்த்த திரை ஒன்றே ஒன்று. நான் தங்கியிருந்த மேன்ஷனில், குளிக்கிற இடத்துக்குக் கட்டியிருந்த கோணிப்பை. ஆனால் அதை அப்பாவிடம் சொல்ல யாருக்குத் தைரியம்? தேரடித் தெருக் கடையில் போய் உட்கார்ந்து, பிறவியிலேயே திரை வியாபாரி போல் துணிகளைப் புரட்டினேன். தெருவைப் பார்த்த கூடத்து ஜன்னலுக்குக் கெட்டிப் பச்சைத் துணி, போகிறவர் வருகிறவர் எட்டிப் பார்க்காமல் இருக்க. சமையலறைக்குப் புகைக் கறை தெரியாத நீலக் கட்டம். அப்பா படுக்கிற அறைக்குக் காக்கி. (அவர் குணத்துக்கு அதுதான் பொருத்தம் என்று எனக்குப் பட்டது. வெளியே சொல்லவில்லை.)

மிச்சம் இருந்தது நடு அறை. கூடத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு பெரிய ஜன்னல் உண்டு. அதைப் பற்றிக் கனகா என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போய் ஒரு விண்ணப்பம் வைத்திருந்தாள்.

"ண்ணா, தலைய குனிஞ்சிக்கினே காபி குடுத்துட்டு வந்துட்றேன். போன ரெண்டு பேருக்கும் கால் வெரல் எப்படி இருக்கும்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். இந்தத் தடவ மூஞ்சிய பாக்கணும். உள்ள இருந்து பாத்தா தெரியணும், வெளிய இருந்து பாத்தா தெரியக்கூடாது. அது மாதிரி துணி இருக்கா?"

அவள் கேட்டது நியாயமாக இருந்தது. பூப்போட்ட, மெல்லிசான வெள்ளை மல் துணி வாங்கினேன். ஸ்பிரிங் கம்பியில் கோத்து மாட்டி, நடுப்பகலில் சோதனையும் நடத்தினேன். நான் வெளிச்சமான கூடத்தில், கனகா இருட்டான நடு அறையில்.

"நான் தெரியறனா?" என்றாள்.

"இல்ல. நான்?"

"மீசைல காபி ஒட்டியிருக்கு, தொடச்சிக்கோ."

அன்று என்னைவிடப் பெரிய அறிவாளி அண்ணாமலைச் சீமையில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தீபத்தன்று சாயங்காலம் வேலூர்க்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை சாதுவாகத் தெரிந்தார். அவர் அப்பாவிடம் சிரிப்பும் இல்லை, பேச்சும் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்ததோடு சரி. பேச்செல்லாம் மாப்பிள்ளையின் அம்மாதான். முழங்கால் வலியால் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடப்பார். கையில் ஒரு பை. எந்தத் துணியைக் கண்டாலும் இரண்டு விரலால் நிரடி, மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். பச்சைத் திரையை முகர்ந்தார். கனகா காபி கொண்டுவந்தபோது அவள் முந்தானையையும் முகர்ந்தார். தீர்ப்புச் சொல்லாமல் காபியை எடுத்துக் குடித்தார். அப்பாவே எச்சில் விழுங்கியதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் தீபத்தன்று ஒரு கட்டுப்பாடு. மலையில் தீபம் தெரிகிற வரைக்கும் வீட்டில் ஒரு விளக்கு எரியக் கூடாது, கரண்டு பல்பு உட்பட. மலை தீபத்தைப் பார்த்துக் கும்பிட்ட பிறகு, முதலில் அகல்களை ஏற்றி வாசலில் வைக்க வேண்டும். பிறகுதான் ஸ்விட்ச். அகல்களெல்லாம் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு நடு அறைத் தரையில் வரிசையாகக் காத்திருந்தன.

ஊரே அரோகரா என்று அதிர்ந்தது. எல்லோரும் தெருவுக்கு ஓடி, மலை உச்சியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்தபோது கும்மிருட்டு. மிச்சசொச்ச வெளிச்சத்தையும் என் கெட்டிப் பச்சைத் துணி தடுத்துவிட்டது. அம்மா இருட்டிலேயே பொரி உருண்டைத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி சமையலறைக்குப் போனாள். கனகாவும் எங்கள் சித்தியும் அகல் ஏற்ற நடு அறைக்குப் போனார்கள்.

ஒவ்வொரு அகலாகப் பற்றியது. ஒவ்வொன்றுக்கும் மல் துணி இன்னும் கொஞ்சம் வெளுத்தது. கடைசியில் அது கூத்துக்குக் கட்டின திரை மாதிரி பளீரென்று நின்றது. அதன்மேல் ஜன்னல் உயரத்துக்கு எழும்பிய ஒரு நிழல். என் தங்கையின் நிழல்.

எனக்கு ஒரு நொடி எதுவும் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது, இப்போது வெளிச்சம் உள்ளே, இருட்டு கூடத்தில். சித்தி ஏதோ கேட்டிருக்க வேண்டும். தெருவில் வெடிச் சத்தத்தில் குரல் கேட்கவில்லை. கனகாவின் நிழல் ஒரு கையில் அப்பாவின் டிபன் கேரியரை மாட்டிக்கொண்டது. ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தது. சித்தியின் முந்தானையை இரண்டு விரலால் நிரடி, மூக்குக்குக் கொண்டுபோய், மெதுவாக முகர்ந்தது.

இருமினேன். இருட்டில் அந்த அம்மாள், "தம்பிக்குத் தண்ணி குடுங்க" என்றார். எழுந்து போய், தோளில் கிடந்த துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து ஜன்னலை மறைத்தேன். ஜன்னல் பெரியது, துண்டு சின்னது. என் தலைக்கு மேலே அந்த மூக்கு இன்னும் முகர்ந்துகொண்டிருந்தது.

"இன்னாடா பண்ற? உக்காரு" என்றார் அப்பா. குரல் பாதாளத்திலிருந்து வந்தது.

உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது? நிழல் இன்னொரு முறை நடந்தது, இந்தத் தடவை முழங்காலைப் பிடித்துக்கொண்டு. தங்கைக்குக் கல்யாணம் இல்லை, எனக்கு வீடு இல்லை, மறுபடி மெட்ராஸ், மறுபடி கோணிப்பை என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அந்த அம்மாள் எழுந்தார். நிழலைப் போலவே சாய்ந்து சாய்ந்து போய்த் திரையை இழுத்தார். ஆணியோடு பிய்த்துக்கொண்டு மொத்தமும் அவர் கைக்கு வந்துவிட்டது. உள்ளே கனகா, டிபன் கேரியரும் கையுமாக, விரலை மூக்கில் வைத்தபடி கல்லாய் நின்றாள்.

"பைய அந்தக் கையில மாட்ட மாட்டேன். எடது கை. வலது கை துணி பாக்கணுமில்ல?" என்றார் அந்த அம்மாள்.

பயத்தில் கனகா கேரியரை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அப்பா வாயைத் திறந்தார். "மூக்கு மட்டும் அப்படியே இருந்துச்சு" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி சிரித்தார். மாப்பிள்ளை பொரி உருண்டையால் வாயை அடைத்துக்கொண்டு குலுங்கினார்.

அந்த அம்மாள் கையிலிருந்த மல் துணியை நிரடி, முகர்ந்து, அப்பாவைப் பார்த்தார்.

"எங்க வூட்ல எல்லாம் என்னக் கண்டா பயப்படறாங்க. ஒருத்தியாவது பயப்படாம இருக்கட்டும். நாள் பாருங்க." (கனகாவின் கையில் கேரியர் அடுக்குகள் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தன. அதை அவர் கவனிக்காதது எங்கள் அதிர்ஷ்டம்.) பிறகு என் பக்கம் திரும்பினார். "துணி நல்ல துணிதான் தம்பி. மாட்டின எடந்தான் தப்பு."

தை மாதம் கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாராவது யாரைப் பற்றியாவது வம்பு பேச ஆரம்பித்தால், "வெளக்கு எந்தப் பக்கம் எரியுது பாரு" என்பார்கள். என்னை யாரும் ஜவுளிக் கடைக்கு அனுப்புவதில்லை.

போன வருஷம் கனகாவின் மகள் புது வீடு கட்டி, திரையெல்லாம் மாட்டிவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் என்னை வாசலில் நிறுத்தினாள். "மாமா, உள்ள போய் நிக்கறேன். தெரியுதா சொல்லு" என்று போய் லைட்டைப் போட்டாள்.

தெரிந்தது. ஜன்னல் நிறைய ஒரு நிழல், இரண்டு கையாலும் துண்டை விரித்துப் பிடித்து, முழங்கால் தடதடவென்று ஆட, இங்கும் அங்கும் ஓடியது.

"தெரியுதா மாமா?"

"கெட்டித் துணியா மாத்து" என்றேன். என் குரல் அப்பாவின் குரல் மாதிரி இறங்கியிருந்தது.