‘நெசமாவா’ அண்ணன் பார்த்த காவடி

பிள்ளைகளே, சூரியன் இன்றைக்குக் கிழக்கில்தான் உதித்தது என்று இந்த மலேசியாவின் மெர்லிமாவ் ஊரே சொன்னாலும், வாசலுக்கு வந்து தானே பார்த்த பிறகுதான் பல் விளக்கப் போகிற மனிதர் ஒருவர் எங்கள் ஊரில் உண்டு. அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டாருக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு அவர் ‘நெசமாவா’ அண்ணன். யார் எதைச் சொன்னாலும் அவர் வாயில் முதலில் வருவது அதுதான்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளை விசாரிப்பது அவர் வேலை. நஷ்ட ஈடு கேட்பவர்களிடம் நேரில் போய், சொல்வது உண்மைதானா என்று பார்த்து வருவார்.

ஒருவர், தன் கார்மேல் முள்ளுப் பழம் காய்க்கிற டுரியான் மரம் விழுந்துவிட்டது என்று போட்டோ அனுப்பினார். நசுங்கிய கூரை, சேறு, உடைந்த கண்ணாடி எல்லாம் அப்படியே இருந்தது. அண்ணன் போட்டோவை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“மரம் டுரியான், சரி. அதுல ஏன்யா ரம்புத்தான் பழம் காய்ச்சிருக்கு?”

செயற்கை நுண்ணறிவை வைத்துச் செய்த பொய்ப்படம் அது! அனுப்பியவர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

வீட்டிலும் இதே கூத்துதான். ஒருநாள் மகள் போன் செய்தாள்.

“அப்பா, சாவியை மறந்துட்டேன்.”

“நெசமாவா? இப்பல்லாம் குரலையே காப்பி அடிக்கிறானுங்க. வை, நானே உன் நம்பருக்குக் கூப்பிடுறேன்.”

கூப்பிட்டார்.

“இப்ப நம்புறீங்களாப்பா?”

“கொஞ்சம்.”

“ஐயோ, வாசல்லதான் நிக்கிறேன்! சன்னல் வழியா பாருங்க லா!”

சிரிக்காதீர்கள். பணம் கேட்டுத் தெரிந்த குரல் அழுதால், நீங்களும் போனை வைத்துவிட்டு, உங்களிடம் இருக்கிற நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் என் வீட்டுக்கே வந்தார்.

நான் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன். சுங்கை ரம்பாய் சாலையில் ஒரு லோரி என் மோட்டார் சைக்கிளை இடித்து, வலது கால் முறிந்துவிட்டது. வேலை இல்லை, சம்பளமும் இல்லை. நஷ்ட ஈடு வந்தால்தான் வாடகை கட்ட முடியும். அந்த நேரம் பார்த்து லோரி முதலாளி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு வீடியோ அனுப்பினார். அதில் நான்! இதே முகம், இதே வழுக்கை. விபத்துக்கு அப்புறம் நடந்த திருவிழாவில் காவடி எடுத்துக் குதித்து ஆடுகிறேன். என் மனைவியே பார்த்துவிட்டு, “ஏங்க, எனக்குத் தெரியாம எப்பங்க போனீங்க?” என்றாள்.

அண்ணன் வந்து உட்கார்ந்தார். பெற்ற மகளையே நம்பாதவர் என்னையா நம்பப்போகிறார்?

“சத்தியமா அது நான் இல்லண்ணே.”

“நெசமாவா? உன்னையும் நம்பல தம்பி, வீடியோவையும் நம்பல.”

என் மாவுக்கட்டைத் தட்டினார். நான் அலறினேன். “ம்” என்றார். பிறகு வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். நாங்கள் எல்லாரும் முகத்தையே பார்த்தோம். அவர் கண் கீழே கீழே இறங்கியது. திடீரென்று தொடையில் ஓங்கித் தட்டினார். நல்லவேளை, அது அவர் தொடை.

“காவடி எடுக்குறவன் சப்பாத்து போடுவானா தம்பி?”

வேட்டி, மாலை, திருநீறு எல்லாம் சரியாக இருந்தது. காலில் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பளிச்சென்று வெள்ளைச் சப்பாத்து! செய்த கணினிக்கு நம் வழக்கம் தெரியவில்லை. செய்யச் சொன்னவர் காலைப் பார்க்கவில்லை.

“இது மட்டும் பத்தாது” என்று சொல்லி, என்னிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போய் எக்ஸ்ரே பார்த்தார். பிறகு முதலாளியிடம் வீடியோ எடுத்த போனைக் கேட்டார்.

“அது தஞ்சோங் கிளிங் கடல்ல விழுந்திருச்சு.”

“நெசமாவா? எந்த இடம்? வாங்க, வந்து காட்டுங்க.”

முதலாளி வரவில்லை.

கொட்டுகிற மழையில் நனைந்தபடி அண்ணன் மறுபடி வந்தார். “கம்பெனி ஒத்துக்கிச்சு தம்பி. பணம் வருது.” என் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

“டீ போடட்டுமாண்ணே?”

“வேணாம்மா. அடுத்த தெருவுல ஒருத்தன் மோட்டாரை முதலை கடிச்சிருச்சுன்னு சொல்றான். போய்ப் பாக்கணும்.”

அவர் மோட்டார் மழைக்குள் மறைகிற வரை ஊன்றுகோலோடு வாசலில் நின்றேன். கால் வலித்தது. ஆனாலும் உள்ளே போக மனம் வரவில்லை.