யோசுவாவின் மோதிரக் கல்

பூக்காரி பூமாரி கடைக்குள் வந்தபோது யோசுவா கல்லாவுக்குப் பின்னால், தரையில் கையும் முட்டும் ஊன்றி, முதுகைப் பூனைபோல் மேலே வளைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, கீழ என்ன கெடக்கு?"

"மோதிரக் கல்லு விழுந்துட்டு" என்றார் சட்டென்று.

உண்மையைச் சொல்ல வழியில்லை. பிசியோதெரபிஸ்ட் ஜினி இடுப்புவலிக்குப் பயிற்சி சொல்லித் தந்த அன்றே, "தெனம் அண்டா தூக்குதவனுக்கு எதுக்கு மோளே எக்ஸர்சைஸ்?" என்று மனைவி தாசம்மாள் எதிரில் வீரம் பேசியிருந்தார். அடுத்த வாரமே செருப்பு மாட்டக்கூடக் குனிய முடியவில்லை. அதனால்தான், பழவங்காடிக் கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் கூடுமுன், தன் பாத்திரக்கடையில் இந்தத் திருட்டுப் பயிற்சி. வலி குறைந்துகொண்டுதான் வந்தது.

"நானும் தேடுதேன்." பூக்கூடையை இறக்கிவிட்டுப் பூமாரியும் மண்டியிட்டாள்.

மறுநாள் பக்கத்துக் குடைக்கடை மைதீனையும் கூட்டிவந்தாள். "கல்லு கெடச்சா?"

கிடைத்தது என்றால் தரையில் இறங்கக் காரணம் போய்விடும். "எங்க கெடச்சு!" என்றார் யோசுவா. மூவரும் தேடினார்கள்.

இவர்களிடமிருந்து தப்ப, அடுத்த நாள் மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் பயிற்சிக்கு மாறினார்.

"கல்லு மேலயா போச்சு?" என்றார் மைதீன்.

"இல்ல, கூரையில ஓட்டை இருக்கான்னு பாக்கேன்."

மைதீனும் பக்கத்தில் படுத்தார். "இடுப்பத் தூக்கினா நல்லா தெரியுமோ?"

"தெரியும்" என்றார் யோசுவா பரிதாபமாக.

வீட்டில் தாசம்மாள் வேட்டியை விரித்துக் காட்டினாள். "முட்டுல என்ன இவ்வளவு அழுக்கு?"

"கடையில முட்டுப்போட்டு ஜெபிச்சேன்."

"நல்லது. ஒரு நாளும் விட்டுராதீங்க."

சனிக்கிழமை காலை அவளே கடைக்கு வந்துவிட்டாள். தரையில் மூன்று முதுகுகள் ஒரே தாளத்தில் வளைந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. யோசுவா துள்ளி எழுந்தார். இடுப்பு பிடிக்கவில்லை என்று சந்தோஷப்படக்கூட அவகாசமில்லை.

"தாசம்மா, இது ஜெபம்... இல்ல, கல்லு... மேல ஓட்டை..."

தாசம்மாள் வாயைத் திறக்குமுன் பூமாரி முந்திக்கொண்டாள்:

"அக்கா, அண்ணாச்சி ஒளிச்சு எக்ஸர்சைஸ் செய்யுதாரு, தனியா விடாம கூட இருங்கன்னு நீங்க சொன்னதாலதான் வந்தோம், இப்ப எங்க இடுப்புவலியும் போச்சு, ஞாயித்துக்கிழமையும் கடைய தொறக்கச் சொல்லுங்க!"